செத்தை அறிவிப்பு

அர்த்தனாரியின் ஜீப் ஊருக்குள் நுழைந்தால் பெண்கள் முதலில் உலையை இறக்கிவைப்பார்கள். ஆண்கள் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்து நிற்பார்கள். ஜீப்பின் தலையில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் ஒரு முறை இருமும். ஸ்பீக்கரின் இருமல் அல்ல, அர்த்தனாரியின் இருமல். பிறகு ஒரு மூச்சு நேரம் அமைதி. அந்த அமைதிக்குள் ஒவ்வொரு வீட்டிலும் யார் யார் படுக்கையில் கிடக்கிறார்கள் என்று யோசித்து முடித்துவிடுவார்கள். அதற்கப்புறம்தான் பெயர் வரும்.

பத்தொன்பது வருடமாகக் கொல்லிமலையில் சாவு சொல்கிறவர் அவர். செல்போன் வந்தபோது இந்தத் தொழில் படுத்துவிடும் என்றார்கள். படுக்கவில்லை. பாதி ஊர்களில் டவர் கிடையாது. டவர் இருக்கிற ஊர்களிலும் வாட்ஸப்பில் வந்த சாவை யாரும் முழுசாக நம்புவதில்லை. "அர்த்தனாரி சொன்னாருங்களா?" என்று கேட்ட பிறகுதான் மாலை வாங்கப் போவார்கள்.

குண்டூர் நாட்டுக்காரர்; பல ஊர் சேர்ந்ததை மலையில் நாடு என்பார்கள். வயது ஐம்பத்திரண்டு. முதலில் வெறும் ஜீப்தான் இருந்தது. சேந்தமங்கலத்துக்கு ஆளும் பலாப்பழமும் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். ஓர் உள்ளாட்சித் தேர்தலில் ஒரு வேட்பாளர் ஸ்பீக்கரைக் கொண்டுவந்து ஜீப்பில் கட்டினார். தோற்றார். தோற்ற வெட்கத்தில் அதை அவிழ்த்துப் போகக்கூட வரவில்லை. மூன்று மாதம் சும்மா கிடந்த ஸ்பீக்கரில் ஒரு அவசரத்துக்கு முதல் சாவைச் சொன்னார். குரல் பொருந்திவிட்டது. அவசரப்படாத, தன் துக்கம் எதையும் கலக்காத குரல். செத்தவரே கேட்டாலும் குறை சொல்ல மாட்டார் என்று பேர்.

அந்தப் பேரில்தான் சிக்கல். அவர் எதைச் சொன்னாலும் எழவாகவே ஒலித்தது. காணாமல்போன ஆட்டை அறிவித்தால் ஆட்டுக்காரர் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போனார்கள். ஒரு முறை கண் சிகிச்சை முகாமுக்கு அறிவித்தார். வந்தவர்களில் நாலு பேர் கையில் மாலை இருந்தது. கல்யாண வீடுகளில் அவரை உபசரித்து உட்காரவைத்துச் சாப்பாடு போடுவார்கள், மைக்கை மட்டும் தொடவிட மாட்டார்கள். சொந்த மகள் தேன்மொழியின் கல்யாணத்துக்கே சேந்தமங்கலத்திலிருந்து வேறு மைக் செட் வந்தது. "இன்னிக்கு ஒரு நாளைக்குப் பேசாம இருங்கப்பா" என்று மகளே கேட்டுக்கொண்டாள். அவர் பந்தல் ஓரத்தில் வாயை மூடி நின்று வந்தவர்களுக்குச் சந்தனம் நீட்டினார்.

அவருக்கு ஒரு கொள்கை உண்டு. காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதைத்தான் படிப்பார். ஓர் எழுத்துக் கூட்ட மாட்டார், குறைக்க மாட்டார். இந்தக் கொள்கைக்குக் காரணம் மாணிக்கம்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு காகிதத்தில் "மாணிக்கம் காலமானார்" என்று மட்டும் இருந்தது. எந்த மாணிக்கம் என்று ஜனங்களுக்குத் தெரிய வேண்டாமா என்ற நல்லெண்ணத்தில் அர்த்தனாரி "மிளகுக்கொடி மாணிக்கம்" என்று சேர்த்துச் சொல்லிவிட்டார். செத்தது வேறு மாணிக்கம். மிளகுக்கொடி மாணிக்கம் சந்தையிலிருந்து திரும்பியபோது அவர் வீட்டு வாசலில் பாடை பாதி கட்டி முடிந்திருந்தது. மூங்கில் நல்ல மூங்கில் என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். அன்றிலிருந்து அர்த்தனாரி எங்கே கண்ணில் பட்டாலும் அவர் கேட்பது ஒரே கேள்விதான்.

"மச்சான், இன்னிக்கு நான் இருக்கறனா?"

இந்த ஆனி மாதம் மலைக்கு ஒரு மிஷின் வந்தது. தழை, குச்சி, மட்டை எதைப் போட்டாலும் விரல் நீளத்துக்கு நறுக்கித் துப்புகிற மிஷின். குண்டூர் நாட்டு ரோட்டோரம் புதிதாகத் தகரக் கொட்டகை போட்டு அதற்குள் நிறுத்தினார்கள். கொட்டகையில் ஆறு தொட்டி. ஒவ்வொன்றிலும் அர்த்தனாரியின் ஜீப்பை இறக்கி மூடலாம்.

இந்த அரசாங்கத் திட்டத்தை ஏற்று நடத்த வந்தவள் பிரிசில்லா. கன்னியாகுமரி மாவட்டத்துக்காரி. மலைக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஓடையில் அழுகும் பலாத்தோல், காட்டோரம் காயும் வாழை மட்டை, அன்னாசித் தோல், காப்பித் தோல் எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்த்து, நறுக்கி, மட்கவைத்து, மலைக்கும் கீழே உள்ள ஊர்களுக்கும் உரமாக விற்க வேண்டும். இதுதான் திட்டம். "ஒரு ஊரு செஞ்சா அது குழி. ஆறு நாடு சேந்து செஞ்சா அது தொழில்" என்று முதல் கூட்டத்தில் சொன்னாள். எல்லோரும் கை தட்டிவிட்டுச் சுண்டல் வாங்கிக்கொண்டு போனார்கள்.

கொட்டகையில் வேலை செய்ய பதினோரு பெண்கள் கொண்ட குழு. தலைவி அர்த்தனாரியின் மனைவி அம்சவேணி. அவளை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. மிஷினை முதல் முறை ஓட்டிக் காட்டியபோது மற்ற பத்துப் பேரும் பின்னால் நகர்ந்தார்கள். அவள் நகரவில்லை.

வருடா வருடம் கார்த்திகை பிறந்தால் அம்சவேணி, கூலிக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரியின் வேனில் ஏறிக் குடகுக்குப் போய்விடுவாள். முதலில் காப்பிப் பழம் பறிப்பு, பிறகு மிளகு பறிப்பு. பங்குனியில்தான் திரும்புவாள். அந்த ஐந்து மாதமும் அர்த்தனாரி தானே சமைத்து, தானே குறை சொல்லி, தானே சாப்பிடுவார். கொட்டகை நிலைத்தால் அவள் போக வேண்டியதில்லை.

"இந்த வருசம் மேஸ்திரி வேன் வந்தா, ஆரனடிச்சுட்டுப் போகட்டும்னு விட்டுருவனுங்க" என்றாள்.

"நெலச்சாத்தானே?"

"நெலைக்க வெக்கறதுக்குத்தான் உங்க ஜீப்பு இருக்குதே."

பிரிசில்லா போட்ட நிபந்தனை அப்படி. அவள் போட்டதுகூட அல்ல, மேலே இருந்து வந்தது. முப்பது நாளில் ஆறு தொட்டியும் நிறைய வேண்டும். நிறையாவிட்டால் மிஷின் கீழே இறங்கிவிடும். கீழே மூன்று ஊர்க்காரர்கள் அதற்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

அறிவிப்பைப் பிரிசில்லா தன் கையால் எழுதிக் கொடுத்தாள். நல்ல கையெழுத்து. அர்த்தனாரி இருமிவிட்டு முதல் மூன்று நாளும் ஆறு நாட்டிலும் அதைப் படித்தார்.

"கொல்லிமலை வாழ் பெருமக்களுக்கு ஓர் அறிவிப்பு. நமது வட்டாரத்தில் உரக் கொட்டகை தொடங்கப்பட்டுள்ளது. எனவே பொதுமக்கள் அனைவரும் தங்கள் வீட்டுக் குப்பைகளை முழுமையாக ஒப்படைத்து ஒத்துழைப்பு நல்குமாறு கேட்டுக்கொள்கிறோம்."

மலையில் குப்பை என்றால் எரு. தொழுவத்துச் சாணியும் மாடு மிதித்த சோளத்தட்டும் குழியில் கிடந்து கறுத்துப் பொலபொலத்துக் காட்டுக்குப் போகக் காத்திருக்கும் செல்வம். அம்சவேணியின் அப்பா மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தபோது, கொடுத்த காப்பியைக் குடிக்கும் முன்பு வீட்டின் பின்பக்கம் போய்க் குப்பைக்குழியில் குச்சியை இறக்கி ஆழம் பார்த்தார். இடுப்பளவு இருந்தது. அதற்குப் பிறகுதான் மாப்பிள்ளையின் பெயரைக் கேட்டார்.

டவுனில் குப்பை என்றால் வேறு என்பது மலைக்காரர்களுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அந்தக் குப்பையை யாராவது ஜீப் அனுப்பி, மைக் வைத்து, முழுமையாக ஒப்படைக்கச் சொல்வார்களா? கேட்டு வாங்குகிற அளவுக்கு மதிப்புள்ள குப்பை மலையில் ஒன்றுதான் இருந்தது. அதையும் கேட்டது சாவு சொல்கிற குரல். போனால் திரும்பாது என்று முடிவு செய்துவிட்டார்கள்.

ஊர் ஊராகக் குப்பைக்குழிகள் கண்ணுக்கு மறைந்தன. சிலர் தார்ப்பாய் போட்டார்கள். சிலர் மேலே வைக்கோல் போர் வைத்தார்கள். ஒரு வீட்டில் குழிமேல் கட்டிலைப் போட்டு மாமனாரைப் படுக்கவைத்தார்கள்.

அர்த்தனாரியும் மலைக்காரர்தானே. மூன்றாம் நாள் படித்து முடித்து வீடு திரும்பியதும், நடவுக்குப் போக மிஞ்சிக் கிடந்த மரவள்ளிக் குச்சியைச் சுமை சுமையாகத் தூக்கிவந்து தன் குப்பைக்குழியின்மேல் அடுக்கினார். அரசாங்கம் கேட்கிறது, படித்தாயிற்று. படிப்பது வேறு, கொடுப்பது வேறு.

"எதுக்குங்க இது?" என்றாள் அம்சவேணி, கொட்டகையிலிருந்து வந்த களைப்போடு.

"மழை வருதாமா."

அவள் வானத்தைப் பார்த்தாள். உள்ளே போனாள்.

ஒரு வாரம் கழிந்தது. முதல் தொட்டியில் கணுக்கால் அளவுக்கு ஹோட்டல் வாழையிலை கிடந்தது. வேறு வந்தது, கீழே இருந்து மாற்றலாகி வந்த ஒரு வாத்தியார் அனுப்பிய ஒரு பை. அதில் பிஸ்கட் தாள்கள். அம்சவேணியின் குழு மிஷினுக்கு எண்ணெய் போட்டுத் துடைத்தது. மறுநாளும் துடைத்தது. மலையில் அவ்வளவு சுத்தமான மிஷின் வேறு கிடையாது.

எட்டாம் நாள் பைல் நாட்டிலிருந்து ஓர் ஊர்க்கவுண்டர் வந்தார். பெயர் அண்ணாமலை. கூட நாலு பேர். ஜீப்பில் சாய்ந்து நின்ற அர்த்தனாரியை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேராகப் பிரிசில்லாவிடம் போனார்.

"அம்மிணி, எங்க குப்பைய நாங்க குடுக்கறதா இல்லீங்க."

பிரிசில்லா நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உட்காருங்க ஐயா. குப்பையை வச்சு நீங்க என்ன செய்யப் போறீங்க?"

"என்ன செய்யப் போறமா? அது இல்லீனா ஊடு எதுக்குங்க?"

"வீட்டுக்குள்ள வச்சிருந்தா நோய் வரும் ஐயா."

"எங்கப்பன் வெச்சிருந்தாரு, பாட்டன் வெச்சிருந்தாரு. இந்த வருசம் இடுப்புக்கு மேல நிக்குது. ஆருக்கும் நோய் வரல."

"இடுப்புக்கு மேலயா!" பிரிசில்லா எழுந்துவிட்டாள். "அதை அள்ளிட்டுப் போக நாங்களே வண்டி அனுப்பறோம்."

"வண்டி வேற அனுப்புவீங்களா?" என்றார் அண்ணாமலை. நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "வண்டி வந்தா டயரு திரும்பி வராதுங்க. சொல்லிப்போட்டேன்."

அவர்கள் போன பிறகு பிரிசில்லா தன் நோட்டில் எழுதினாள். அர்த்தனாரி எட்டிப் பார்த்தார். "மக்கள் தலைமுறையாகக் குப்பையை வீட்டிலேயே வைத்து வாழ விரும்புகிறார்கள். மனநல ஆலோசனை தேவை."

அவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. அண்ணாமலை கேட்டது நியாயமாகத்தான் பட்டது. மேடம் பேசியதுதான் ஒரு தினுசாக இருந்தது.

விளங்கியது பத்தாம் நாள்.

மனசு சரியில்லாமல் உட்கார்ந்திருந்த பிரிசில்லா முந்தின நாள் மாலை அம்சவேணியிடம் கேட்டிருந்தாள். "அக்கா, உங்க வீட்ல சக்கை இருந்தா நாளைக்குக் கொஞ்சம் கொண்டு வாறீங்களா? ரொம்ப ஆசையா இருக்கு."

ஆசையா என்று அம்சவேணி யோசித்தாள். தொட்டி நிறையவில்லை என்ற கவலையில் மேடம் அப்படிப் பேசுகிறாள் போல என்று நினைத்துக்கொண்டாள். மறுநாள் காலை ஒரு மூட்டையைத் தலையில் வைத்துக் கொண்டுவந்து பிரிசில்லாவின் மேஜைக்குப் பக்கத்தில் இறக்கினாள். பிரிசில்லா முகம் மலர்ந்து, கையைக் கழுவிக்கொண்டு வந்து, மூட்டையைப் பிரித்தாள். உள்ளே பலாத்தோலும், சுளையைச் சுற்றியிருக்கும் சடையும், ஈயும்.

"அக்கா... சக்கை எங்க?"

"இதானுங்க சக்கை. சொளையெல்லாம் தின்னாச்சு."

"அய்யோ, எங்க ஊர்ல சக்கைன்னா பழம்! பலாப்பழம்!"

"பழமா? நாங்க மாட்டுக்குப் போடறத நீங்க திங்கறீங்களான்னு ராவெல்லாம் பாவமா இருந்துச்சுங்க மேடம்."

பதினோரு பெண்களும் சிரித்தார்கள். பிரிசில்லா மேஜையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தாள். அர்த்தனாரியும் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினார்.

"மேடம்," என்றார், "உங்க ஊர்ல குப்பைன்னா என்னுங்க?"

"வேண்டாம்னு கீழ போடறதுதான். தோல், மட்டை, தழை" என்றாள் பிரிசில்லா. அம்சவேணி மெதுவாகத் திரும்பிக் கணவனைப் பார்த்தாள்.

"நீங்க மைக்குல குப்பைன்னா சொன்னீங்க?"

"காயிதத்துல இருந்துச்சு."

"ஆறு நாட்டுலயுமா?"

"மூணு மூணு தடவ."

அம்சவேணி தலையில் கைவைத்து மூட்டைமேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பிரிசில்லா நோட்டில் எழுதியிருந்த மனநல ஆலோசனையை அடித்தாள். "சரி, உங்க ஊர்ல இதுக்கு என்ன பேரு? இலை, தழை, மட்டை, தோல் எல்லாத்துக்கும்?"

"செத்தைன்னுவோம்" என்றாள் அம்சவேணி.

"அண்ணே, அப்ப குப்பைக்குப் பதிலா செத்தைன்னு சொல்லிருங்க."

"நானா மாத்த மாட்டனுங்க. எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தாள். இந்த முறை சுருக்கமாக இருக்கட்டும் என்று பெருமக்கள், ஒத்துழைப்பு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, முக்கியமான சொல்லை முதலில் வைத்தாள்.

பன்னிரண்டாம் நாள் அர்த்தனாரி பைல் நாட்டுக்குப் போனார். ஜீப்பை நிறுத்தினார். இருமினார். ஒரு மூச்சு விட்டார். காகிதத்தைப் பார்த்து, தன் வழக்கப்படி முதல் அசையை அழுத்தி நிறுத்திப் படித்தார்.

"செத்... தை..."

அடுத்த சொல்லுக்குப் போகவே முடியவில்லை. முதல் வீட்டிலிருந்து ராமாயி மார்பில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள். அவள் தம்பி நாமக்கல் ஆஸ்பத்திரியில் நாலு நாளாகக் கிடந்தான். "செத்துட்டானா! எந்தம்பி செத்துட்டானா!" என்று ஜீப்பின் முன்னால் விழுந்தாள். நாலு பெண்கள் சேர்ந்து கட்டிக்கொண்டு அழுதார்கள். ஒரு கிழவர் பறைக்குச் சொல்லிவிட ஆளைத் தேடினார்.

"இல்லீங்க, செத்தை, செத்தை..." என்றார் அர்த்தனாரி மைக்கிலேயே. சொல்லச் சொல்ல அழுகை கூடியது.

ஒருவழியாக மைக்கை அணைத்து, இறங்கி, கையெடுத்துக் கும்பிட்டு விளக்கினார். ராமாயி அழுகையை நிறுத்தினாள். மூக்கைத் துடைத்தாள்.

"காஞ்ச எலைக்கா?"

"ஆமாங்கக்கா."

"காஞ்ச எலைக்காடா எந்தம்பியக் கொன்னே?"

வாசலில் சாய்ந்திருந்த விளக்குமாற்றை எடுத்தாள். ஜீப் பின்பக்கமாகவே அரை மைல் ஓடியது.

டீக்கடையில் மாணிக்கம் உட்கார்ந்திருந்தார். சேதி ஜீப்புக்கு முன்பே வந்துவிட்டிருந்தது.

"இப்ப ஆரக் கொன்னே மச்சான்? என்னையக் கொன்னப்பவாச்சும் மூங்கிலு வெட்டுனாங்க. இதுக்கு வெளக்குமாறு போலிருக்குது."

அர்த்தனாரி டீயை வாங்கிக் கையிலேயே வைத்திருந்தார்.

"ஒண்ணு பண்ணு," என்றார் மாணிக்கம். "உன்ற கொரலுக்கு எழவுதானே வருது? அதுலயே சொல்லு. திருவாளர் பலாத்தோலு இன்னிக்குக் காத்தால காலமானாரு, நல்லடக்கம் ஆறாம் நம்பர் தொட்டியிலன்னு போடு. சனம் சிரிச்சுட்டே வரும்."

டீக்கடை முழுக்கச் சிரித்தது. அர்த்தனாரி சிரிக்கவில்லை.

"நாளைக்கு நெசமாலுமே ஒருத்தர் போனா?" என்றார். "அப்பவும் சிரிச்சுட்டே வருவாங்களா?"

மாணிக்கம் டீயை உறிஞ்சினார். இரண்டு டீக்கும், வழக்கத்துக்கு மாறாக, அன்று அவரே காசு கொடுத்தார்.

வீட்டுக்குப் போனதும் அர்த்தனாரி மைக்கைக் கழற்றி அம்சவேணியின் மடியில் வைத்தார்.

"என்ற வாயில வந்தா அது எழவுதான். நீ பேசு. நான் வண்டி ஓட்டறேன்."

"காயிதம்?"

"உனக்கு எதுக்குக் காயிதம்? என்னையத் திட்டறப்பெல்லாம் காயிதம் பாத்தா திட்டற?"

பதின்மூன்றாம் நாள் காலை ஜீப் பைல் நாட்டுக்குள் நுழைந்தபோது பெண்கள் உலையை இறக்கிவைத்தார்கள். ராமாயி விளக்குமாற்றைத் தேடினாள். ஸ்பீக்கர் இருமவில்லை. அதற்குப் பதிலாக பூ, பூ என்று இரண்டு முறை ஊதியது. பத்தொன்பது வருடத்தில் அந்த மைக்கில் யாரும் ஊதியதில்லை. அர்த்தனாரிக்குக் காது கூசியது.

"அலோ, அலோ. ஏனுங்க, இது கேக்குதா?" என்றது அம்சவேணியின் குரல்.

"நாடு பூரா கேக்குது, பேசு" என்றார் அர்த்தனாரி. அதுவும் நாடு பூராக் கேட்டது.

யாரும் மார்பில் கைவைக்கவில்லை. அந்த ஜீப்பிலிருந்து பொம்பளைக் குரல் வந்தால் யாரும் சாகவில்லை என்று அர்த்தம். இதை யாருக்கும் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"ராமாயி அக்கா, வெளக்குமாத்தக் கீழ வெச்சுட்டு வெளிய வா. தம்பி தேறிட்டான்னு கேள்விப்பட்டேன், சந்தோசம். உங்க ஊட்டுப் பின்னால பலாத்தோலு ஒரு ஆளு ஒசரம் கெடக்குது. ஈ மொய்க்கிற சத்தம் ரோட்டுக்குக் கேக்குது."

"உங்க ஊட்டுல மட்டும் மணக்குதாக்கும்!" என்று ராமாயி உள்ளேயிருந்து கத்தினாள். ஆனால் வந்துவிட்டாள்.

அண்ணாமலை வேகமாக ரோட்டுக்கு வந்து நடுவில் நின்றார். "குப்பை குடுக்க முடியாதுன்னு அன்னிக்கே சொல்லிப்போட்டேன்."

"உங்க குப்பைய ஆரு மாமா கேட்டது? அது உங்களுக்கே இருக்கட்டும், மேல படுத்துத் தூங்குங்க. நான் கேக்கறது செத்தை. ஓடையில தள்ளறீங்களே, அந்தத் தோலு. வேலியோரம் தீ வெக்கறீங்களே, அந்த மட்டை. அதக் குடுங்க. மூணு மாசத்துல அதையே குப்பையாக்கித் தாரோம். கொண்டாந்து போட்டவங்களுக்குப் பங்கு உண்டு. மிச்சந்தான் விக்கறது."

அண்ணாமலை தாடையைத் தடவினார். "செத்தையக் குடுத்தா குப்பை வருமா?"

"வரும்."

"மைக்குலயே சொல்லு."

"செத்தையக் குடுங்க, குப்பைய வாங்கிக்குங்க!" என்று அம்சவேணி சொன்னாள். அது ஆறு நாட்டுக்கும் போதுமானதாக இருந்தது. பிரிசில்லா அதைக் கேட்டுக் கொட்டகையின் பலகையில் பெயிண்ட்டில் எழுதவைத்தாள். சக்கை என்ற சொல்லைக் கவனமாகத் தவிர்த்தாள்.

அம்சவேணி இன்னொன்றும் செய்தாள். ஆறு தொட்டிக்கும் ஆறு நாட்டின் பெயரை வைத்தாள். பிறகு தினமும் ஜீப்பில் அவற்றின் நிலவரத்தைச் சொன்னாள். "வளப்பூர் நாட்டுத் தொட்டி நெஞ்சு வரைக்கும் வந்துருச்சுங்க. பைல் நாட்டுத் தொட்டி இன்னும் முட்டியில நிக்குது. முட்டி வலி போலிருக்குது, தைலம் தேச்சு விடுங்க." அன்று மாலையே பைல் நாட்டிலிருந்து மூன்று டிராக்டர் வந்தது. முதல் டிராக்டரின் உச்சியில், பலாத்தோலின் மேல், அண்ணாமலை உட்கார்ந்திருந்தார்.

மிஷின் காலையில் ஆரம்பித்து இருட்டும்வரை நறுக்கியது. பெண்கள் அடுக்கடுக்காகப் போட்டுச் சாணிக் கரைசல் தெளித்து மூடினார்கள். இருபத்தைந்தாம் நாள் நாலு தொட்டி நிறைந்தது. இருபத்தெட்டாம் நாள் ஐந்து.

நிறையாத ஒரே தொட்டி குண்டூர் நாட்டுத் தொட்டி. அர்த்தனாரியின், அம்சவேணியின் சொந்த நாடு. அங்கே பலா குறைவு, எல்லாம் மரவள்ளிக் காடு. தோல் இல்லை, மட்டை இல்லை. அம்சவேணியின் நிலவரம் அவளையே திருப்பி அடித்தது. "மைக்கு வெச்சிருக்கிற நாட்டுத் தொட்டிதான் காலியாமா" என்று ராமாயி சந்தையில் வைத்துச் சொன்னாள். அதற்கு மைக் தேவைப்படவில்லை.

"ஒரு தொட்டிதானே, விட்டுர மாட்டாங்களா மேடம்?" என்று அர்த்தனாரி கேட்டார்.

"ஆறுன்னு எழுதியிருக்கு அண்ணே. காகிதத்தில உள்ளதத்தான் பார்ப்பாங்க" என்றாள் பிரிசில்லா. அது அர்த்தனாரியின் சொந்தக் கொள்கைதான்.

முப்பதாம் நாள் காலை. மதியம் பார்வையிட ஆட்கள் வருவார்கள். நிறையாவிட்டால் வந்த லாரியிலேயே மிஷினை ஏற்றிப் போவார்கள். குண்டூர் நாட்டுத் தொட்டி இடுப்பைத் தாண்டவில்லை. அம்சவேணி முகம் கழுவ வீட்டின் பின்பக்கம் போனாள். கழுவிய முகத்தோடு அப்படியே நின்றாள்.

"ஏனுங்க. இங்க வாங்க."

அர்த்தனாரி வந்தார். அவள் கை குப்பைக்குழியைக் காட்டியது. குழியின்மேல் மரவள்ளிக் குச்சி ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தது.

"இது என்னுங்க?"

"மழைக்குன்னு..."

"எந்த மழைக்கு?"

அர்த்தனாரி காலால் தரையைக் கிளறினார். "மைக்குல அப்படிப் படிச்சனா... நம்முளதயும் எடுத்துட்டுப் போயிருவாங்களோன்னு..."

அம்சவேணி திட்டவில்லை. குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வேலிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக் குப்பைக்குழியின்மேல் மரவள்ளிக் குச்சி. அதற்கடுத்த வீட்டில் குச்சியும் காய்ந்த சருகும். அதற்கடுத்து மூங்கில் தழை. அந்தத் தெரு முழுக்க, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை, குண்டூர் நாட்டார் தங்கள் குப்பையைச் செத்தை போட்டு மூடி வைத்திருந்தார்கள். அர்த்தனாரியின் அறிவிப்பைச் சொந்த நாட்டுக்காரர்கள்தான் அதிகம் நம்பியிருந்தார்கள்.

"அடப் பாவிகளா," என்றாள் அம்சவேணி. "தொட்டிக்குப் போறதெல்லாம் குழி மேலதான் குந்தியிருக்குதா!"

முகத்தைத் துடைக்காமலே ஜீப்பில் ஏறினாள். பூ, பூ என்று ஊதினாள்.

"குண்டூர் நாட்டு மக்களே, ஒளிச்சு வெச்சது போதும். உங்க குப்பைய ஆரும் தொட மாட்டாங்க. மூடியிருக்கிறத மட்டும் தூக்கிட்டு வாங்க. என்ற ஊட்டுக்காரரே மூடித்தான் வெச்சிருந்தாரு, அதனால ஆரும் வெக்கப்பட வேண்டாம்."

அர்த்தனாரி ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

முதல் சுமை அவர் வீட்டிலிருந்துதான் போனது. அவரே தூக்கினார். பின்னாலேயே தெரு வந்தது. தலைச்சுமை, சைக்கிள், இரண்டு டிராக்டர். மிஷின் குச்சியைக் கடிக்கும் சத்தம் பேருந்து நிறுத்தம்வரை கேட்டது. மதியம் லாரி வந்து நின்றபோது தொட்டி விளிம்புவரை நிறைந்து, மேலே கோபுரம் கட்டியிருந்தது. வந்தவர்கள் ஆறு தொட்டியையும் சுற்றி வந்தார்கள். ஒருவர் குனிந்து முகர்ந்து பார்த்தார். பிறகு லாரி டிரைவரிடம் ஏதோ சொல்ல, லாரி காலியாகத் திரும்பியது.

பிரிசில்லாவுக்கு அன்று ஒரு முழுப் பழம் வந்தது. "இதானுங்க உங்க ஊரு சக்கை" என்று ராமாயி கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள்.

ஐப்பசி தொடக்கத்தில் முதல் உரம் சலித்து மூட்டை கட்டினார்கள். பங்கு வாங்க வந்த அண்ணாமலை மூட்டைக்குள் கையை விட்டு, ஒரு பிடி எடுத்து, மூக்கருகே கொண்டுபோய், "குப்பைதான்" என்றார். அதைவிடப் பெரிய சான்றிதழ் மலையில் யாரும் கொடுக்க முடியாது. கார்த்திகையில் மேஸ்திரியின் வேன் வந்தது. ஹாரனடித்தது. மிஷின் சத்தத்தில் அம்சவேணிக்குக் கேட்கவில்லை.

ஜீப் இப்போதும் ஆறு நாட்டிலும் சுற்றுகிறது. எந்த ஊருக்குள் நுழைந்தாலும் ஜனங்கள் முதல் சத்தத்துக்காகக் காத்திருக்கிறார்கள். ஊதினால் செத்தை, இருமினால் எழவு. ஊதினால் கூடையை எடுப்பார்கள், இருமினால் உலையை இறக்குவார்கள். இதுவரை ஒரு தடவைகூட மாறியதில்லை.

தை மாதம் மாணிக்கம் தன் மகள் கல்யாணத்துக்கு மைக் செட் கேட்டு வந்தார்.

"என்றதையா?" என்றார் அர்த்தனாரி. நம்ப முடியவில்லை. பத்தொன்பது வருடத்தில் முதல் கல்யாணம்.

"உன்ற செட்டுத்தான். அம்சவேணி பேசட்டும். நீ கொழாயக் கட்டிக் குடு, போதும்."

அதுவும் பெரிய விஷயம்தான். கல்யாணத்தன்று அர்த்தனாரி வெள்ளை வேட்டி கட்டி, பந்தல் கம்பத்தில் ஸ்பீக்கரைத் தானே ஏறிக் கட்டினார். ஒயரை இழுத்தார். மைக்கைச் சரிபார்க்க வாயருகே கொண்டுபோனார். சாம்பிராணிப் புகை தொண்டையில் ஏறியது.

இருமினார்.

பந்தல் முழுக்க எழுந்து நின்றது. நாதஸ்வரம் பாதியில் நின்றது. சமையல்காரர் அண்டாவை இறக்கிவைத்தார். மணமேடையில் மாப்பிள்ளையின் மாமா ஒருவர் மாலையைக் கழற்றத் தொடங்கினார். வாசலில் நின்ற மாணிக்கம் தன் மார்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"மச்சான்," என்று கத்தினார், "நானா?"

அம்சவேணி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து மைக்கைப் பிடுங்கி, பலமாக ஊதினாள்.